‘போயிட்டு வரேன்’ என்பது ஒரே கட்டளை

தமிழில் வினைச்சொல் வாக்கியத்தின் கடைசியில் வரும். இதைக் கண்டுபிடிக்க எனக்கு மூன்று வருடம் பிடித்தது. நாலாம் வகுப்புப் பாடப்புத்தகத்திலேயே அது இருக்கிறது என்று, அந்தப் புத்தகத்தை வைத்துப் பாடம் நடத்தும் என் மனைவி பிற்பாடு சொன்னாள். முன்னாடியே சொல்லியிருக்கலாமே என்றேன். “நீங்க கேக்கலையே” என்றாள்.

பாபநாசத்தில் வீட்டு மாடியில் உட்கார்ந்து அரிசி ஆலைகளின் எடைமேடைகளுக்கு மென்பொருள் எழுதுவது என் தொழில். லாரி ஏறி நிற்கும், எண் தெரியும், சீட்டு வரும், லாரி இறங்கிப் போகும். இருபது வருடம் இதையே செய்தவனுக்கு லாரியே வராத ஓர் இடத்தைக் கட்ட வேண்டும் என்று தோன்றுவதில் ஆச்சரியமில்லை. ஐம்பதை நெருங்கும்போது மனிதர்களுக்குச் சர்க்கரை வருகிறது, முதுகுவலி வருகிறது, சிலருக்குக் கவிதை வருகிறது. எனக்கு வந்தது இது: படமே இல்லாத, முழுக்க எழுத்தாலேயே ஆன, பல பேர் ஒரே சமயத்தில் சேர்ந்து ஆடும் ஒரு கணினி விளையாட்டைத் தமிழில் செய்தே தீருவது.

திரையில் இப்படி வரும்: ‘நீ மதகின் மேல் நிற்கிறாய். கிழக்கே வாய்க்கால். பக்கத்தில் ஒரு கடப்பாரை கிடக்கிறது.’ என்ன செய்யப் போகிறாய் என்பதை நீங்கள் தட்டச்சு செய்ய வேண்டும். அதே மதகில் இன்னொருவர் நின்றால் நீங்கள் செய்வது அவர் திரையிலும் எழுத்தாக வரும். அவரோடு பேசலாம், சண்டை போடலாம். விளையாட்டுக்குப் பெயர் ‘கடைமடை’. ஆற்றில் தண்ணீர் வந்துவிட்டது. ஆளுக்கொரு மதகில் நின்று, பேசி, ஏசி, விட்டுக்கொடுத்து, வாய்க்காலின் கடைசி வயல் வரை அதைக் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும். அவ்வளவுதான் ஆட்டம்.

“டிராகன் எங்கடா?” என்றான் என் நண்பன்.

“இல்லை.”

“வாள்?”

“மண்வெட்டி இருக்கு.”

“கடைமடைக்குத் தண்ணி போய்ச் சேரலைங்கிறது விளையாட்டாடா? அது தினம் பேப்பர்ல வர்ற செய்தி.”

இவன் தஞ்சாவூரில் என்னோடு கல்லூரியில் படித்தவன். இப்போது பெங்களூரில், என்னவென்று இரண்டு முறை விளக்கியும் எனக்குப் புரியாத ஒரு பெரிய பதவியில் இருக்கிறான். விளையாட்டு ஓடிக்கொண்டிருந்த சர்வர் அவனுடையது. நான் மூன்று வருடம் பாடுபட்டுப் படைத்த ஆறு, வாய்க்கால், வரப்பு, மழை எல்லாம் அவன் ஒரு பொத்தானை அமுக்கினால் இல்லாமல் போகும். கடவுள் என்று என்னை நான் நினைத்துக்கொண்டிருந்தேன். கடவுளுக்கு மேலே வீட்டுக்காரர் ஒருவர் இருந்தார்.

எங்களுக்குள் தகராறு கட்டளைகளைப் பற்றி. இங்கிலீஷில் இந்த மாதிரி விளையாட்டுகளில் முதல் வார்த்தை வினை, அடுத்தது பொருள். அதை அப்படியே கொண்டுவந்தால் ‘எடு கடப்பாரை’, ‘திற மதகு’. “முதல் வார்த்தையைப் பிடிச்சா வேலை முடிஞ்சுதுடா. உலகம் பூரா அப்படித்தான்” என்றான் அவன். ‘திற மதகு’ என்று உலகத்தில் யார் பேசுவார்கள்? அட்டைக் கிரீடம் வைத்த ராஜா மேடையில் பேசுவான். நான் மாட்டேன் என்றேன்.

என் நிரல் வாக்கியத்தைக் கடைசி வார்த்தையிலிருந்து பின்னோக்கிப் படித்தது. கடைசியில் வினை. மற்ற வார்த்தைகளின் வாலைப் பார்த்தால் போதும்: ‘ஐ’ என்று முடிந்தால் திறக்கப்படுவது, ‘ஆல்’ என்று முடிந்தால் திறக்கும் கருவி. ‘கடப்பாரையால் மதகைத் திற’ என்றாலும் சரி, ‘மதகைக் கடப்பாரையால் திற’ என்றாலும் சரி. தமிழ் வார்த்தைகள் கல்யாண வீட்டுக்கு வந்தவர்கள் மாதிரி, எந்த வரிசையில் உட்கார்ந்தாலும் இன்னார் வீட்டு மனுஷர் என்று பார்த்தாலே தெரியும். இதைக் கணினிக்குத் தெரியவைப்பதற்குள்தான் என் தலையில் பாதி கொட்டிப்போனது.

ஒற்று விஷயத்தில் வீட்டிலும் எதிர்ப்பு.

“‘மதகை திற’ன்னு ‘த்’ போடாம அடிச்சா?” என்று மனைவி கேட்டாள்.

“திறக்கும்.”

“ஒற்று போடாதவனுக்கும் மதகு திறக்குமா?”

“தண்ணிக்கு இலக்கணம் தெரியாதும்மா.”

“நல்லா உருப்படும் ஊரு” என்று சொல்லிவிட்டு விடைத்தாள் கட்டோடு கீழே போனாள்.

என் பெருமைக்குரிய கண்டுபிடிப்பு வேறொன்று. பேச்சில் நாம் ஒரு வேலையை முடித்துவிட்டு இன்னொன்றைச் செய்ய ‘ட்டு’ போடுகிறோம் இல்லையா? ‘மதகைத் திறந்துட்டுக் கிழக்கே போ’ என்று அடித்தால் என் நிரல் அதை இரண்டாக வெட்டி, முதலில் திறந்து, பிறகு கிழக்கே போகும். ஒரே வரியில் இரண்டு வேலை! எந்த இங்கிலீஷ் விளையாட்டும் இவ்வளவு இயல்பாகச் செய்யாது என்று இரண்டு நாள் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டு திரிந்தேன், பால்காரர் உட்பட. அந்த ‘ட்டு’தான் என்னைக் கவிழ்த்தது.

நண்பன் பொறுத்துப் பார்த்துவிட்டுக் கடைசியில் ஒரு நிபந்தனை வைத்தான். “ஞாயித்துக்கிழமை பரீட்சை. உன் ஆளுங்களைக் கூப்பிடு. ஒரு மணி நேரம் ஆடட்டும். எல்லாரும் ஒழுங்கா உள்ள போய் ஒழுங்கா வெளிய வந்துட்டா, உன் தமிழ் உன் இஷ்டம், நான் வாயைத் திறக்க மாட்டேன். ஒருத்தர் மாட்டிக்கிட்டாலும் சரி, எல்லாத்தையும் எடுத்துட்டு இங்கிலீஷ் கட்டளை, பட்டன். ஒத்துக்கிறியா?”

ஒத்துக்கொண்டேன். உள்ளே போய் வெளியே வருவதில் என்ன இருக்கிறது என்று நினைத்தேன்.

தஞ்சாவூரில் மாதம் ஒருமுறை கூடும் எங்கள் வாசகர் வட்டத்திலிருந்து ஏழு பேர் ஆட வந்தார்கள், அவரவர் வீட்டிலிருந்தே. இரண்டு பேரைச் சொன்னால் போதும். ஒருவர் நாகப்பட்டினத்தில் பைப், பெயிண்ட், ஆணி விற்கும் ஹார்டுவேர் கடைக்காரர். எங்கள் எல்லோருக்கும் பாய். வட்டத்திலேயே அதிகம் படித்தவர், அதைவிட அதிகம் சிரிப்பவர். இன்னொருவர் திருத்துறைப்பூண்டிப் பக்கத்து வேளாண் அலுவலர். முப்பத்தைந்து வயதுப் பெண். புத்தகத்தை முழுக்கப் படித்துவிட்டு வருபவர் என்பதால், முன்னுரையோடு நிறுத்திக்கொண்டு வருகிற எங்களுக்கு அவரிடம் கொஞ்சம் பயம்.

காலை பத்து மணிக்கு ஆற்றில் தண்ணீர் திறந்தேன். நண்பன் பெங்களூரிலிருந்து போனில் தொடர்பில் இருந்தபடி தன் திரையில் பார்த்துக்கொண்டிருந்தான்.

ஐந்தாவது நிமிடத்தில் பாய் ‘கீழண்டை போ’ என்று அடித்தார். கிழக்குப் பக்கம் போக நினைத்தார். தஞ்சாவூரில் கீழ வீதி எங்கே என்று பச்சைக் குழந்தைக்கும் தெரியும். நான் எழுதிய நிரலுக்குத் தெரியவில்லை. ‘கீழ்’ என்பதைப் பார்த்ததும் அவரை மதகிலிருந்து நேரே கீழே இறக்கியது. ‘நீ ஆற்றில் விழுந்தாய்.’

“மாட்டிக்கிட்டாரா?” என்றான் நண்பன் ஆவலாக.

“நனைஞ்சிருக்கார். அவ்வளவுதான்.”

பாய் தானாகவே கரையேறினார். அலுவலரின் மதகில் வேறொரு மர்மம். அவர் ‘மதகைத் திறங்க’ என்று அடித்தார். ‘புரியவில்லை’ என்றது விளையாட்டு. மறுபடி ‘மதகைத் திறங்க’. மறுபடி ‘புரியவில்லை’. உதவிப் பக்கத்தில், ‘கட்டளைகள்’ என்ற தலைப்பின் கீழ், திற, மூடு, எடு, போடு, போ என்று கொட்டை எழுத்தில் நானே எழுதிவைத்திருந்தேன். அவர் அதைப் பார்க்கவில்லை போலிருக்கிறது என்று நினைத்தேன். பக்கத்து மதகுக்காரர் வந்து ‘திற’ என்று அடித்துத் திறந்துவிட்டார். தண்ணீர் நகர்ந்தது.

மணி பதினொன்றாக ஐந்து நிமிடம். மற்ற ஐந்து பேரும் ஒவ்வொருவராகக் கிளம்பிவிட்டார்கள். வெளியே போவதற்கு நான் வைத்திருந்த கட்டளை ‘வெளியேறு’. பாய் அதை அடிக்கவில்லை. அவர் அடித்தது: ‘போயிட்டு வரேன்’.

என் பெருமைக்குரிய நிரல் ‘ட்டு’வைப் பார்த்தது. இரண்டாக வெட்டியது. முதல் வேலை, போ. இரண்டாவது வேலை, வா. எல்லோர் திரையிலும் வந்தது:

‘கடைக்காரர் கிழக்கே போகிறார்.’

‘கடைக்காரர் வருகிறார்.’

மதகில் மிச்சமிருந்த அலுவலர் மரியாதைக்கு ‘வாங்க பாய்’ என்றார். பாய் மறுபடி ‘போயிட்டு வரேன்’ என்றார். போனார். வந்தார். ‘வாங்க பாய்.’ ‘சரிம்மா, போயிட்டு வரேன்.’ போனார். வந்தார். நாலாவது முறை ‘அப்ப வரேன்’ என்று மாற்றிப் பார்த்தார். ‘நீ ஏற்கெனவே இங்கேதான் இருக்கிறாய்’ என்றது விளையாட்டு. பெங்களூரிலிருந்து சிரிப்பு வரத் தொடங்கியது. அது நிற்கும்போது என் ஆட்டமும் முடிந்திருக்கும் என்று எனக்குத் தெரிந்தது.

பாயை இன்னொரு போனில் கூப்பிட்டேன்.

“‘வெளியேறு’ன்னு அடிங்க பாய்.”

“என்ன தம்பி இது! என் கடைக்குள்ள நுழையுற ஆட்டைக்கூட நான் வெளியேறுன்னு சொன்னதில்ல. என்னை நானே சொல்லிக்கவா?”

“அப்படின்னா ஜன்னலை மூடிடுங்க. அந்த எக்ஸ் இருக்குல்ல.”

“எப்படித் தம்பி? அந்தப் பொண்ணு அங்க உக்காந்திருக்கு. சொல்லாமக் கொள்ளாம எழுந்து போறதா? கடையில வேற ஒருத்தர் முக்கா இஞ்ச் எல்போ கேட்டுக்கிட்டு அரை மணி நேரமா நிக்கிறாரு. அவருக்கும் பதில் சொல்லணும், இங்கயும் சொல்லணும். ஏதாவது பண்ணுங்க.”

நான் நிரலுக்குள் புகுந்து கையால் அவரை வெளியே எடுத்தேன். கிணற்றில் விழுந்த பூனையை எடுப்பதைப் போல.

“மாட்டிக்கிட்டாரு” என்றான் நண்பன். இப்போது சிரிக்கவில்லை. “டேய், இங்கிலீஷ்ல நாலே எழுத்து. குவிட். சின்னப் பிள்ளைக்கும் தெரியும். நாளைக்கே மாத்திடு.”

அன்று மாலை மாற்றுவதற்காகத்தான் உட்கார்ந்தேன் என்பதை ஒப்புக்கொள்கிறேன். வீரமெல்லாம் எழுத்தில் சுலபம். கட்டளைப் பட்டியலைத் திறந்து ‘திற’ என்பதற்கு நேரே இங்கிலீஷ் வார்த்தையைப் போட்டும்விட்டேன். ‘மூடு’வுக்கு வருவதற்குள் திருத்துறைப்பூண்டியிலிருந்து போன்.

“சார், ஆட்டம் நல்லாருந்துச்சு. ஒண்ணு மட்டும் சொல்லணும். பதினோரு தடவை ‘திறங்க’ன்னு அடிச்சேன். பதினோரு தடவையும் புரியலன்னுச்சு.”

“‘திற’ன்னு அடிச்சாப் போதும்ங்க. உதவிப் பக்கத்துல இருக்கு.”

“பாத்தேன் சார். அடிக்க மாட்டேன்.”

“ஏங்க?” என்றேன்.

“எங்கப்பா அடுத்தவங்க வயல்ல நாத்துமுடி தூக்குனவரு. திற, மூடு, எடு, போ. அவரு பேரைக் கேட்டதைவிட இதைத்தான் சார் அதிகம் கேட்டாரு. பத்து வயசுப் பிள்ளை வரப்புல நின்னுகிட்டு அவரைப் பாத்து ‘மடையைத் திற’ங்கும். அவரும் திறப்பாரு. நான் படிச்சு, பரீட்சை எழுதி, வேலைக்கு வந்து, லீவு நாள்ல உங்க மதகுல ஏறி நின்னா, அந்தப் பட்டியலை அப்படியே எங்கிட்ட நீட்டுறீங்க. மேல ‘கட்டளைகள்’னு தலைப்பு வேற.”

“அது மனுஷங்களுக்கு இல்லீங்க. கம்ப்யூட்டருக்கு.”

“அதுவும் வேலை செய்யுறதுதானே சார்?”

அந்தப் பத்து வயதுப் பிள்ளை எந்த ஊர் என்று அவர் சொல்லவில்லை. நான் கேட்கவுமில்லை. எங்கள் வீட்டுக்கும் பத்து மா நிலம் இருந்தது. எனக்கும் ஒரு காலத்தில் பத்து வயது இருந்தது. தமிழுக்காகப் போராடுகிறேன் என்று மூன்று வருடம் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டிருந்தவன், வாக்கியத்தின் கடைசியில் வரும் வினையைப் பற்றி அவ்வளவு பேசியவன், அந்த வினைக்கும் கடைசியில் ஒரு ‘ங்க’ வரும் என்பதை மறந்துவிட்டிருந்தேன். மறக்கவில்லை. எனக்கு அது தேவைப்பட்டதே இல்லை.

மறுநாள் நண்பனைக் கூப்பிட்டேன். “இங்கிலீஷ் போட மாட்டேன்.”

“தோத்துட்டடா நீ.”

“தோத்துட்டேன். போட மாட்டேன்.”

“சரி, இங்கிலீஷ் வேணாம். பட்டன் வை. திற, மூடுன்னு எழுத வேண்டாம், படம் போடு. மரியாதைப் பிரச்சினையே இல்ல.”

“பட்டனை அமுக்குறவன் யார்கிட்டயும் பேச வேண்டியதில்லடா. வாயைத் திறந்து பேசாம கடைமடைக்குத் தண்ணி போனதா நீ எங்கயாவது பாத்திருக்கியா?”

“இது விளையாட்டுடா!”

“அதனாலதான் சொல்றேன். விளையாட்டுலயாவது ஒழுங்காப் பேசட்டும். பாய் தப்பா அடிக்கல. அந்தம்மா தப்பா அடிக்கல. தப்பு என்னோடது. அதுக்கு அவங்களை மாத்தச் சொல்றியே.”

“ஒப்பந்தம்னா ஒப்பந்தம். மாசக் கடைசியோட சர்வரை நிறுத்திடுவேன்.”

“நிறுத்துடா.”

நிறுத்தினான். சொன்னதைச் செய்வது அவனுடைய பழைய கெட்ட பழக்கம். கல்லூரியில் என் ரெக்கார்டு நோட்டைப் பார்த்து எழுதியதை, ஒப்புக்கொள்வேன் என்று சொன்னபடியே பேராசிரியரிடம் ஒப்புக்கொண்டவன் அவன்தான். அன்றும் இரண்டு பேருக்கும் சேர்த்துத்தான் விழுந்தது.

ஓர் ஆலையின் எடைமேடையிலிருந்து கழற்றிப்போட்ட பழைய கணினி ஒன்று மாடியில் கிடந்தது. திறந்தால் உள்ளே கால்படி தவிடு. ஊதித் தள்ளி, விசிறி மாற்றி, என் உலகத்தை அதில் குடிவைத்தேன். கரண்ட் போனால் ஆறு நின்றுவிடும். அது திரும்ப வந்ததும் எல்லோர் திரையிலும் முதல் வரியாக ‘கரண்ட் போயிருந்துச்சுங்க’ என்று வரும்படி வைத்தேன். பெங்களூர் சர்வர் அப்படி மன்னிப்புக் கேட்டதே இல்லை. எங்கள் ஆட்டக்காரர்களில் ஒருவருக்கும் இதில் குறை இல்லை. கரண்ட் போவதும் தண்ணீர் தாமதமாக வருவதும் விளையாட்டின் பகுதி என்றே எடுத்துக்கொண்டார்கள்.

பிறகு திருத்த உட்கார்ந்தேன். ‘திறங்க’, ‘மூடுங்க’, ‘எடுத்துக்குங்க’ எல்லாம் செல்லும். ‘கொஞ்சம் திறங்களேன்’ என்றாலும் செல்லும். ‘திற’ என்று மட்டும் அடித்தால்? மனைவி கேட்டாள், “விரட்டிடுவீங்களா?” விரட்டவில்லை. ‘யார்கிட்ட சொல்றீங்க?’ என்று ஒரே ஒரு கேள்வி கேட்கும். அவ்வளவுதான். இரண்டாம் முறை எல்லோருக்கும் ‘ங்க’ தானாக வந்துவிடுகிறது. விளையாட்டும் ‘நீ நிற்கிறாய்’ என்பதை விட்டுவிட்டு ‘நிக்கிறீங்க’ என்றது. கீழண்டை, மேலண்டை எல்லாம் கற்றுக்கொண்டது. உதவிப் பக்கத்தின் தலைப்பு ‘கட்டளைகள்’ என்பதிலிருந்து ‘இப்படிச் சொல்லலாம்’ என்று ஆனது.

‘போயிட்டு வரேன்’தான் கடைசி. வெட்டக் கூடாது என்று ‘ட்டு’வுக்குச் சொல்லிவைத்தேன். அது இரண்டு வேலை இல்லை, ஒரே வேலை. அதோடு ‘வரேன்’, ‘வர்றேன்’, ‘வரட்டா’, ‘அப்ப பாப்போம்’ என்று பதினாறு வகை சேர்த்தேன். வருகிறேன் என்று சொல்லிவிட்டுப் போகிற ஜனங்களுக்கு நிரல் எழுதுவது லேசில்லை. ஆனால் எழுதும்போதுதான் புரிந்தது. போகிறவர் திரும்பி வருவதாகச் சொல்லிவிட்டுப் போகிறார் என்றால் அவர் இடத்தை நான் வைத்திருக்க வேண்டும். அவர் கடப்பாரை, அவர் மதகு, அவர் பாதியில் விட்ட பேச்சு எல்லாம் அப்படியே இருக்க வேண்டும். அதனால் அந்த மதகுக்கு வேறு யார் வந்தாலும் திரையில் ஒரு வரி தெரியும்: ‘கடைக்காரர் போயிட்டு வரேன்னு சொல்லியிருக்கார்.’ பாய் அதைப் பார்த்துவிட்டுக் கடையில் இருந்தவர்களிடம் எல்லாம் காட்டினாராம்.

நாலு மாதம் கழித்து ஒரு மத்தியானம், மதகில் புதிதாக ஒருவர் வந்து நிற்பதைத் திரையில் பார்த்தேன். ‘திற’ என்று அடித்தார். ‘யார்கிட்ட சொல்றீங்க?’ என்றது விளையாட்டு. பிறகு ‘திறடாங்க’ என்று வந்தது. அவன்தான் என்று தெரிந்துவிட்டது. ‘ங்க’வையும் ‘டா’வையும் ஒரே வார்த்தையில் போட அவனால்தான் முடியும். என் நிரலுக்கு அது புரியவில்லை. யாருக்குமே புரியாது.

அரை மணி நேரம் வரப்பில் நடந்தான். அலுவலர் கீழ் மதகிலிருந்து ‘சார் புதுசா? உங்க வயல் மடையைக் கொஞ்சம் தாழ்த்துங்களேன், எங்களுக்குத் தண்ணி எட்டல’ என்றார். பெங்களூர் பெரிய பதவி சத்தமில்லாமல் மடையைத் தாழ்த்தியது.

பிறகு கிளம்பப் பார்த்தான். நாலெழுத்தை இங்கிலீஷில் அடித்தான். ‘புரியலைங்க.’ மறுபடி அடித்தான். ‘புரியலைங்க.’ எக்ஸை அமுக்கிவிட்டுப் போயிருக்கலாம். அவனுக்குத் தெரியாததா? ‘போறேன்’ என்று அடித்தான். விளையாட்டு பதில் சொல்வதற்குள் அலுவலர் முந்திக்கொண்டார்: ‘அப்படிச் சொல்லாதீங்க சார்.’

நான் மின்விசிறியை நிறுத்திவிட்டுத் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன், ஏதோ சத்தம் கேட்கப் போகிற மாதிரி.

‘சரிங்க. போயிட்டு வரேன்.’

போனான். அதன்பின் இன்றுவரை வரவில்லை. போனிலும் அதைப் பற்றிப் பேசுவதில்லை. நான் கேட்கவும் மாட்டேன். ஆனால் யார் அந்த மதகுக்கு வந்தாலும் முதலில் தெரிவது அவனைப் பற்றிய வரிதான், போயிட்டு வரேன்னு சொல்லியிருக்கார் என்று. இத்தனை நாள் வராதவர் பெயரை எடுத்துவிடலாமே, இடம் அடைக்கிறதே என்று வட்டத்தில் ஒருவர் கேட்டார்.

எடுக்க மாட்டேன். சொல்லிட்டுப் போயிருக்கான்.